கோமதியின் கணுக்கால்

வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு பியூலா மேடம் போனில் சிவப்புப் பொட்டை அமுக்கிய அதே நொடியில் எனக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்தது. காலையில் வீட்டில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, இந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏறி, செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் இல்லாத அரிப்பு. ஐந்து நிமிடம்தான் சார், உங்களால் முடியாதா என்று தெரபி பார்க்கிற இந்த மேடம் கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் சத்தி முந்திக்கொண்டு, "இவியளா? தூக்கத்துலயும் பேசுத ஆளு மேடம்" என்றாள். சத்தி என் பெண்டாட்டி. முழுப்பெயர் பிரம்மசக்தி. கட்டிய நாள் முதல் என் மானத்தை வாங்குவதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறாள். பாயில் மல்லாந்து கிடப்பவள் எங்கள் கோமதி. உடம்பில் ஜட்டி ஒன்றுதான். காப்பு இல்லை, தண்டை இல்லை, கழுத்தில் கறுப்புக் கயிறு இல்லை, சத்தம் போடுகிற சாமான் எதுவும் ஆகாதாம். பொம்மை ஆகாது, கொஞ்சக் கூடாது, அவள் கண்ணில் நாங்கள் படவே கூடாது. கோமதி தன்பாட்டுக்குக் கிடக்க வேண்டும், மேலே ஸ்டாண்டில் மாட்டிய போன் அவளைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான் பரீட்சை. எதைத் தேடுகிறார்கள் என்று டாக்டரம்மா போன மாதமே விளக்கிவிட்டார். இந்த வயதில் பிள்ளைகளுக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சின்னச் சின்னதாக ஓர் அசைவு வரும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி, விடாமல், பால் பொங்குவதற்கு முன்னால் ஆடை நடுங்குமே, அந்த மாதிரி. அது இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, பிள்ளை நடந்துவிடும். இல்லாவிட்டால் என்று சத்தி கேட்டாள். "இல்லன்னா அப்பப் பேசிக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. அந்த 'அப்ப' இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஐந்து கூட இல்லை, போனில் எண் ஓடுவது இங்கிருந்தே தெரிகிறது, இருபத்திரண்டு விநாடி ஆகிவிட்டது, மிச்சம் நாலு நிமிடம் முப்பத்தெட்டு.

ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே பிள்ளை அசையாமல் கிடந்துவிடுமாம். சித்திரை மாதம், பகல் பதினோரு மணி, சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. பதினோரு வருஷமாக மின்வாரியத்தில் லைன்மேன் வேலை பார்க்கிறேன், எத்தனை தெருவுக்கு இப்படி வெயில் நேரத்தில் ஃபேனை நிறுத்தியிருப்பேன், அத்தனை பேர் சாபமும் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சிரிக்கக் கூடாது, சிரித்தால் இருமல் வரும். லைன்மேன் என்று தெரிந்ததால்தான் டாக்டரம்மா அன்றைக்கு அந்த உதாரணத்தைச் சொன்னார். கோமதி பிறந்து நாலாவது வாரம், ஆயிரத்து நூறு கிராம் இருந்தாள், உச்சிக்குழியில் பசை மாதிரி எதையோ தடவி அது வழியாகத் தலைக்குள்ளே ஸ்கேன் பார்த்தார்கள். அந்த உச்சிக்குழி மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது, நான் ஸ்கேன் திரையைப் பார்க்காமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூளைக்குள் உத்தரவு ஓடுகிற பாதைகளுக்கு மேலே வெள்ளையாக ஓர் உறை இருக்குமாம், அந்த உறையைப் போடுவதற்கென்றே தனியாகச் செல்கள் உண்டாம், மூன்று மாதம் முந்திக்கொண்டு பிறந்ததில் அந்தச் செல்களுக்கு அடி விழுந்துவிட்டதாம். கால்களுக்குப் போகிற பாதை அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறதாம். "நீங்க ஈ.பி. தானே, உங்களுக்கு ஈசியாப் புரியும். கரண்ட் ஒயர் மேல உறை இருக்குல்ல, அந்த மாதிரி" என்றார். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. "டாக்டர், நாங்க இழுக்குத கம்பியில உறையே கிடையாது. வெறுங்கம்பிதான் ஓடுது" என்று சொல்லிவிட்டேன். சத்தி என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் நீலமாக இருந்தது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "சரி, அப்ப நீங்களே நல்ல உதாரணமா ஒண்ணு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். கம்பம் ஏறும்போது தேடினேன், சோறு சாப்பிடும்போது தேடினேன். ரோடு சரியாக வரும் என்று இப்போது தோன்றுகிறது. பாதை இருக்கிறது, தார் போடவில்லை. பஸ் வரும், ஆனால் குலுங்கிக் குலுங்கி, நேரம் தப்பி வரும். தார் போடுகிற ஆட்கள் வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலையை ஆரம்பிக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். இப்போது சொல்லக் கூடாது.

செத்துப்போச்சா என்றுதான் அன்றைக்கு அடுத்ததாகக் கேட்டேன், அந்தச் செல்களை. "சிலது போயிருக்கும். நிறைய சாகல. வளராம பாதியில நிக்குது, அவ்வளவுதான்." அதுகளை வேலையில் இறக்க மருந்து தேடி எத்தனையோ ஊரில் ஆராய்ச்சி நடக்கிறது, எலிக்குட்டிகளிடம் பார்க்கிறார்கள், இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றார். உங்கள் கையில் என்னதான் இருக்கிறது என்று சத்தி கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "உங்க பால் இருக்கு. உங்க ரெண்டு பேரு உடம்புச் சூடு இருக்கு. தொடுங்க, பேசுங்க. காய்ச்சல், தொத்து எதுவும் வராம நாங்க பாத்துக்கறோம். மூளை தன்னைத்தானே சரி பண்ணிக்கப் பாக்கும். அதுக்கு நாம எடம் குடுக்கணும்." பேசுவது மருந்து என்று ஒரு டாக்டரே என்னிடம் சொன்னார். வீட்டில், ஆபீசில், பஸ்ஸில், எங்கு போனாலும் வாயை மூடு என்று கேட்டே வளர்ந்தவன் நான். சத்தியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். மறுநாள் கோமதி கிடந்த கண்ணாடிப் பெட்டியின் ஓட்டையில் வாயை வைத்துப் பேசப் போனால் ஒரு வார்த்தை வரவில்லை. ஆயிரத்து நூறு கிராம் ஆளிடம் என்னத்தைப் பேசுவது. ஊர் விஷயமா, அரசியலா. கடைசியில் தெரிந்ததைச் சொன்னேன். "பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரை கீழத்தெரு, பள்ளிக்கூடத் தெரு, மாதா கோயில் தெரு ஆகிய இடங்களில் மின்விநியோகம் இருக்காது." நர்ஸ்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெட்டியில் ஒரு பயல் முழித்துவிட்டான். ஆனால் கோமதியின் புருவம் ஏறியது. சத்தியமாக ஏறியது. அதற்குப் பிறகு அறுபத்தாறு நாளும் மின்தடை அறிவிப்புத்தான், தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சட்டைப் பித்தானைக் கழற்றி அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம். நெஞ்சு முடி அவளுக்குக் குத்தாதா என்று கேட்டேன். பஞ்சு மாதிரி நினைத்துக்கொள்ளும் என்றார் நர்ஸ். பஞ்சு. என் நெஞ்சை அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

ஒரு நிமிடம் ஐம்பது ஆகிவிட்டது. எச்சிலை விழுங்கினேன், அரிப்பு கீழே போய்விட்டு மறுபடி மேலே வருகிறது. இருமிவிட்டால் கோமதி என் பக்கம் திரும்புவாள், திரும்பினால் படம் கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதற்குள் அவள் பசித்து அழுதால் இன்றைக்கு இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். இன்னொரு வாரம் தாங்காது. சத்தியால் தாங்க முடியாது. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கோமதியை அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரும்போது பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள், "நான் பாக்க மாட்டேன். நீங்க பாருங்க, நான் உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிடுதேன்." இப்படி ஒரு வேலை யாராவது கொடுப்பார்களா. கண்ணை நேராக வைக்க வேண்டும், உதட்டை இறுக்கக் கூடாது. மூக்கு நுனியில் வியர்வை நிற்கிறது, துடைத்தால் அழுகிறேன் என்று நினைத்துவிடுவாள். கோமதி கையை வாய்க்குக் கொண்டு போகிறாள். அது கணக்கில் வராது, பெரிய அசைவு. காலை உதைக்கிறாள். அதுவும் வராது. உதைப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

அந்த நாள் மட்டும் நினைவுக்கு வரக் கூடாது என்றால் அதுதான் வரும். ஐப்பசி மழை விட்டிருந்த காலை. கம்பத்தின் மேலே இருந்தேன். எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பத்தில் ஏறும் முன்னால் சப்ஸ்டேஷனில் சொல்லி லைனை நிறுத்தி, ஒருத்தர் தன் பெயரில் எல்.சி. என்கிற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதைத் திருப்பிக் கொடுக்கிறவரும் அவரேதான். வேறு யார் போன் பண்ணிச் சொன்னாலும் லைனில் கரண்டு விடமாட்டார்கள், அவருடைய ஆட்களில் எவன் எந்தக் கம்பத்தில் தொங்குகிறான் என்று அவருக்குத்தானே தெரியும். அன்றைக்கு எல்.சி. என் பெயரில். அடுத்தடுத்து மூன்று கம்பத்தில் ஆட்கள் இருந்தார்கள். பையில் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா. "ஏ தம்பி, இவளுக்குப் பனிக்குடம் ஒடஞ்சிட்டு, ஆட்டோவுல ஏத்திட்டோம், நீ வந்திரு." ஏழாம் மாசம். நான் கீழே இறங்கி, ஒவ்வொரு கம்பமாக ஓடி ஆட்களை இறக்கி, எண்ணி, எர்த் கம்பியைக் கழற்றி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தேன். நாற்பது நிமிடம். நான் போய்ச் சேரும்போது கோமதி பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தாள். சத்தி இன்றைக்கும் சொல்லுவாள், யார் வீட்டுக்கு வந்தாலும், "இவிய ஊருக்குக் கரண்டு குடுத்துட்டுத்தான் பிள்ளையப் பாக்க வந்தாவ." சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அந்த நாற்பது நிமிடத்தில்தான் அது நடந்ததோ, நான் ஆட்டோவில் கூட இருந்து அவள் கையைப் பிடித்திருந்தால் அந்தச் செல்கள் பிழைத்திருக்குமோ. டாக்டரம்மாவிடம் ஒருநாள் தனியாகக் கேட்டே விட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் இதேதான் என்றார். நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது. மறுநாள் கம்பம் ஏறும்போது மறுபடி அதே நாற்பது நிமிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று பேரைக் கம்பத்தில் விட்டுவிட்டுப் போயிருக்க முடியுமா. முடியாது. ஆனாலும் வரும். மூன்று நிமிடம் பத்து விநாடி. கோமதி இப்போது கூரையைப் பார்க்கிறாள், நின்றுபோன ஃபேனை. ஃபேன் சுற்றாவிட்டாலும் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றுமே தெரியவில்லையே. கையிலும் ஒன்றுமில்லை, காலிலும் ஒன்றுமில்லை, சும்மா கிடக்கிறாள். இல்லை இசக்கிராஜா என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், நீ பார்க்காதே, உனக்குப் பார்க்கத் தெரியாது, போன தடவை பார்த்த லட்சணம் போதாதா. அதை நினைத்தால் இப்போதும் வெட்கம். தை மாதம், வீட்டுக்கு வந்து சேர்ந்த சமயம், ஆஸ்பத்திரியில் பழக்கமான ஓர் அம்மா இந்தப் பரீட்சையைப் பற்றி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார், மூன்று மாதத்தில் இந்த அசைவு வந்துவிட வேண்டும் என்று. கோமதிக்கு அந்த வாரம் மூன்று மாதம் முடிகிறது. நானே கட்டிலில் படுக்கப்போட்டு, ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி, ஐந்து நிமிடம் எடுத்தேன். பார்த்தோம். இல்லை. இருபது தடவை பார்த்தோம், நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இல்லவே இல்லை. புழு மாதிரி நெளிந்தாள், அவ்வளவுதான். நான்கு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் தனக்கு உண்மையிலேயே பயம் வந்தது என்று சத்தி பிறகு சொன்னாள். ஐந்தாவது நாள் படத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். "இவ வயித்துல இருந்து வரவேண்டிய தேதி என்னம்மா?" சத்தி சொன்னாள். "அப்ப கணக்குப்படி இவ பொறந்து நாலு நாள்தான் ஆகுது. நாலு நாள் பிள்ளையப் போய் மூணு மாசப் பரீட்சை எழுதச் சொன்னா எப்படிங்க எழுதும்?" அப்படி ஒரு கணக்கு இருப்பது எங்களுக்கு மறந்தே போய்விட்டது. குறைமாதப் பிள்ளைக்கு வயதை வரவேண்டிய தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள், சீட்டில் எழுதியும் கொடுத்திருந்தார்கள், நாங்கள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்குச் சிரித்தோம் பாருங்கள், ஆட்டோக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகுது என்று சொன்னேன். அவர் சத்தியின் தோளில் கிடந்த மூன்று கிலோ கோமதியைப் பார்த்து, நல்ல வளர்த்தி என்றார். இன்றைக்கு அந்தக் கணக்கில் மூன்று மாதம். இன்றைக்குச் சாக்குச் சொல்ல எந்தக் கணக்கும் மிச்சமில்லை.

நாலு நிமிடம் ஐந்து விநாடி. இருமல் நாக்கின் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, ஐயோ, சத்தி பார்க்கிறாளே, இது இருமல் தண்ணீர் என்று எப்படிச் சொல்வேன். கண்ணைக் கீழே இறக்கினேன், கோமதியின் காலுக்கு. இடது கால் பாயை விட்டு ஒரு விரல்கடை மேலே நிற்கிறது. கணுக்கால் திரும்பியது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மூச்சில் ஆடியிருக்கும். மறுபடி திரும்பியது, வட்டமா, இல்லை பாதி வட்டம், அது முடிவதற்குள் வலது கணுக்கால், அது நிற்பதற்குள் மணிக்கட்டு, பிறகு இடுப்பில் சின்னதாக ஒன்று, தலை ஓர் இழை அளவு அந்தப் பக்கம். பாலாடையா இது, பாலாடைதானே. உனக்குப் பார்க்கத் தெரியாது. தெரியாதுதான். தையில் இருபது தடவை பார்த்தேனே, அந்த ஒவ்வொரு விநாடியும் எனக்கு மனப்பாடம், அதில் இது இல்லை, இந்த மாதிரி ஒன்று அதில் எந்த மூலையிலும் இல்லை. மறுபடி இடது கணுக்கால். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, யாரும் தொடவில்லை, யாருக்காகவும் செய்யவில்லை, அவள்பாட்டுக்கு ஆட்டிக்கொண்டு கிடக்கிறாள். எங்கோ உள்ளே தார் வண்டி கிளம்பிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இப்படியொரு சந்தோஷம் எனக்கு இதற்கு முன் வந்ததே இல்லை, உடம்பு மொத்தமும் கொதிக்கிறது. மூஞ்சியை நேராக வை. தப்பாக இருந்தால் சத்தியை இரண்டாவது தடவை கொன்றதாக ஆகும், நேராக வை, நேராக வை. மூலையில் ஸ்டூல் மெல்ல நகர்கிற சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். சத்தி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள். பாவி, என் முகத்தில் எதைப் படித்தாள். ஐந்து நிமிடம் முடிந்து போனில் மணி அடித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, பனைமரம் விழுகிற மாதிரி ஓர் இருமல் இருமினேன்.

"சார், தண்ணி குடிங்க" என்றார் பியூலா மேடம். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் பாத்துக்கிடுங்க. ரெண்டு பேரு பாக்கணும், டாக்டரும் பாத்தாதான் முடிவு." சொல்லிக்கொண்டே ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "என்னத்தப் பாத்திய?" என்றாள் சத்தி. ஒன்றும் இல்லை என்றேன். "பொய்." "எனக்குப் பாக்கத் தெரியாது சத்தி." "அது எனக்குத் தெரியும். என்னத்தப் பாத்திய, அதச் சொல்லுங்க." சொல்வதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார், பின்னால் பியூலா மேடம். டாக்டரம்மா நாற்காலியில் உட்காராமல் எங்களோடு தரையில் உட்கார்ந்தார். போனை மூன்று பேருக்கும் நடுவில் பிடித்தார். "இருக்கு" என்றார். "நல்லாவே இருக்கு. இங்க பாருங்க, இடது கணுக்கால். இதோ கை. இதோ இடுப்பு. இதோ மறுபடியும்." சத்தி போனைப் பார்க்கவில்லை. "நடப்பாளா டாக்டர்?" டாக்டரம்மா படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கொஞ்சம் லேட் ஆகலாம். தெரபி விடாமப் பண்ணணும், நாங்களும் விடாமப் பாப்போம். எல்லாத்துக்கும் இதுவே உத்தரவாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா இது இருக்கற பிள்ளைங்க பெரும்பாலும் நடந்துடுதுங்க." "மூளையில அந்த அடி?" "சரி பண்ணிட்டு வருதும்மா. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. வேலை நடக்குதுன்னு மட்டும் தெரியுது."

சத்தி இரண்டு கையையும் நீட்டிப் போனை வாங்கினாள். "இன்னொரு தடவ போடுங்க" என்றாள், "முதல்லருந்து." போட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் முதல்முறையாக அவள் கோமதியைப் பார்த்தாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே இருந்திருக்கிறது, நான் தொண்டை அரிக்கிறதென்று புலம்பிக்கொண்டிருந்த நேரத்திலேயே கணுக்கால் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது, நாற்பது நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தபோதும் திரும்பியிருக்கிறது, அவள் நிறுத்தவே இல்லை, நான்தான் பார்க்கவில்லை. இந்தா பாருங்க, இந்தா பாருங்க என்று சத்தி என் கையைப் போட்டு அடித்தாள். இதோ, இந்தா இன்னொண்ணு என்று நான் அவளுக்குக் காட்டினேன். எங்கோ ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. யாருடைய பிள்ளையோ என்று நினைத்தேன். அழுகை பெரிதானது. "யாரும்மா அது, பிள்ளைய அழவிட்டுட்டு" என்று சத்தி போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். பியூலா மேடம் எங்களைத் தாண்டிப் பாய்க்குப் போனார், குனிந்து, இரண்டு காலையும் ஆத்திரமாக உதைத்துக்கொண்டிருந்த கோமதியைத் தூக்கிவந்து எங்கள் மூஞ்சிக்கும் போனுக்கும் நடுவில் வைத்தார்.

"இந்தாங்க" என்றார், "உங்களுது இங்க கிடக்குது. பசிச்சிட்டு போல."